யாருக்குக் கற்பிக்கலாகாது?

2023ஆம் ஆண்டில் மேல் மாகாணக் கல்வி அதிகாரிகள் ஒரு தடையை அறிவித்தனர். அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்கள் தம் பாடசாலையிற் பயிலும் மாணவரிடமே கட்டணம் பெற்றுத் தனிவகுப்பு நடத்தலாகாது என்பது அதன் சாரம். பெற்றோரிற் பலர் ஆறுதற் பெருமூச்சு விட்டனர். ஆசிரியரிற் சிலர் ஆத்திரமடைந்தனர். வேறு சிலர், இதுவும் ஒரு காகிதந்தானே என்று சிரித்தனர். அத்தடையின் நிருவாக வரலாறு இங்கு எமக்கு முக்கியமன்று. அது எழுப்பிய அறவியற் கேள்வியே முக்கியம். கல்வியை விற்பவன் ஒருவன் அதனை யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கலாகாது? ‘இவனுக்கு விற்கலாகாது’ என்று ஒரு பிள்ளையை நாம் விலக்கி நிறுத்தும்போது அப்பிள்ளையைக் காக்கிறோமா, அன்றி வஞ்சிக்கிறோமா?

நாவுல மத்திய மாகாணத்தைச் சேர்ந்தது. மேல் மாகாணத்து ஆணை அவ்வூர் எல்லையை எட்டாது. ஆயினும் அதன் கேள்வி எட்டியது. எட்டிய விதத்தைச் சொல்வதே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்த சிறுநகர் நாவுல. நெல்லும் பெரிய வெங்காயமும் மரக்கறியும் விளையும் சுற்றுப்புறம். சிங்கள மக்கள் பெரும்பான்மையினராய் வாழும் பிரதேசம். தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகள் தொகையிற் குறைந்தவர்கள். அவர்களுக்குக் கணிதமோ விஞ்ஞானமோ கற்பிக்கத் தகுதியுள்ள ஆசிரியர் அதனினும் குறைந்தவர். இந்நாட்டின் எந்தச் சிறுநகரையும் போலவே இங்கும் மின்கம்பங்களிலும் மதிற்சுவர்களிலும் ‘டியூஷன்’ ஆசிரியர்களின் முகங்கள் வண்ணவண்ணமாய்ச் சிரித்துக்கொண்டிருக்கின்றன. தேர்தற் காலத்து வேட்பாளர்கூட இவ்வளவு நம்பிக்கையோடு சிரிப்பதில்லை.

எமக்குப் பழக்கமான கணித ஆசிரியர் ஒருவர் அப்பகுதியிற் பணிபுரிகிறார். சனிக்கிழமைகளில் கடைத்தெருவின் பின்புறத்தே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து க.பொ.த. சாதாரண தர மாணவருக்கு வகுப்பு நடத்திவந்தார். மேல் மாகாணத் தடைபற்றிப் பத்திரிகையிற் படித்த பிறகு, எவரும் பணியாமலே தமக்குத் தாமே ஒரு விதி வகுத்துக்கொண்டார். பாடசாலையில் தம்மிடம் படிக்கும் பிள்ளை எதுவும் சனிக்கிழமை வகுப்புக்கு வரலாகாது என்பதே அது. நாம் அதனைப் பாராட்டினோம். நேர்மையாளன் ஒருவன் தன் கையைத் தானே கட்டிக்கொண்டான் என்று நண்பர்களிடமும் சொன்னோம்.

சில வாரங்களில் ஒரு தகப்பனார் அவரைத் தேடி வந்தார். மரக்கறி மூட்டை ஏற்றி இறக்கும் கூலித்தொழிலாளி. மகள் பத்தாம் தரத்தில் எம் நண்பரிடமே கணிதம் படிக்கிறாள். அவர் கேட்டது இவ்வளவுதான்: “எல்லாப் புள்ளைகளுக்கும் சொல்லிக் குடுக்குறீங்க சேர். ஒங்க வகுப்புல இருக்கிற பாவத்துக்கு எம்புள்ளைக்கு மட்டும் இல்லைங்கிறீங்களே?”

இந்தக் கேள்விக்கு எம் நண்பரிடம் விடையில்லை. எம்மிடமும் இருக்கவில்லை. பாராட்டியவர்கள் என்ற முறையில் நாமும் விடைதேடக் கடமைப்பட்டோம்.

கற்பிக்கத்தக்கவர் யார், தகாதவர் யார் என்ற வினா தமிழுக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறது. தன் மகன், தன் ஆசிரியனுடைய மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபட்டு நிற்பவன், சொன்னதைக் கொள்ளும் ஆற்றலுடையவன் என்று அறுவரை அது கற்பிக்கத்தக்கோராய்க் காட்டுகிறது. பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் இதனைப் படித்தபோது நாம் எண்ணிக்கையை மனனஞ் செய்தோம், வரிசையை நோக்கவில்லை. இப்போது நோக்குகிறோம். முதல் மூவர் பிறப்பினால் நுழைகிறார்கள். நான்காமவன் பணத்தால் நுழைகிறான். ஐந்தாமவன் பணிவால் நுழைகிறான். கற்கும் ஆற்றல் ஒன்றையே கைப்பொருளாகக் கொண்டு வருபவனுக்கு இறுதி இடமே வாய்த்திருக்கிறது. விலக்கத்தக்கோரின் பட்டியலிலோ சோம்பேறி, கள்வன், சினமுடையோன் ஆகியோரோடு ‘ஏழை’ என்ற சொல்லும் வருகிறது. அச்சொல் அங்கே பேதையைக் குறிப்பது, வறியவனைக் குறிப்பதன்று. உரை அறிந்தவர் தடுமாறமாட்டார். ஆனால் பிற்காலச் சமுதாயம் அச்சொல்லை இன்றைய பொருளிலேயே நடைமுறைப்படுத்திவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

பவணந்தியாரைக் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. அரசரையும் புரவலரையும் அண்டி வாழவேண்டியிருந்த புலவனின் பொருளியல் நிலை அவ்வரிசையிற் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு காலமும் தன் பட்டியலைத் தானே எழுதிக்கொள்கிறது. நாவுலவுக்குத் தெற்கே, மாத்தளை செல்லும் வழியில், நாலந்தா என்றோர் ஊருண்டு. திராவிடக் கட்டடப் பாணியில் அமைந்த பழைய கெடிகேயினாற் புகழ்பெற்றது. அதே பெயர் கொண்ட வட இந்திய நாலந்தாப் பெரும்பள்ளிக்கு ஏழாம் நூற்றாண்டிற் சென்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே வாயிற்காப்போர் வருவோரிடம் கடுமையான வினாக்களை வினவினர் என்றும், பதின்மரில் எழுவர் எண்மர் விடைகூற மாட்டாது திரும்பினர் என்றும் எழுதிவைத்தார். அங்கே விலக்கியது அறிவின் அளவை. எம் நாட்டிலோ, 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், பாடசாலைகளிற் சாதி பாராது எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டுமென்ற நிலை வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதனைப் பொறாதவர்கள் பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். அங்கே விலக்கியது சாதி. இவையெல்லாம் பழங்கதைகள் என்று கூறுவோர் இன்றைய வாயிலில் நிற்கும் காவலனை உற்றுநோக்கவேண்டும். அவன் வினாவுவது ஒன்றே: மாதக் கட்டணம் கொண்டுவந்தாயா?

இலவசக் கல்வி நாட்டில் இக்காவலன் எங்கிருந்து வந்தான்? சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று உழைத்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்ற அந்தப் பெரும் வாக்குறுதியின் பிள்ளைகளே நாமெல்லோரும். இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் அவ்வாக்குறுதி இல்லாதிருந்தால் எத்தனைபேர் எழுத்தறிந்திருப்போம் என்பதைத் தனிமையில் எண்ணிப்பார்க்கலாம். ஆனால் வாயில் அகலத் திறந்தபோது உள்ளே அறைகள் பெருகவில்லை. பல்கலைக்கழகத்தின் இடங்கள் குறைவு; நல்ல பாடசாலைகளின் இடங்கள் குறைவு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று மூன்று சல்லடைகள். சல்லடை இருக்கும் இடத்தில் அதனைக் கடக்கும் வித்தையை விற்பவனும் தோன்றுவான். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களிற் பாதிக்கு மேற்பட்டவை தனிவகுப்புக்குப் பணஞ் செலவிடுகின்றன என்பதை அரசாங்கத்தின் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பே காட்டுகிறது. இதில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் முன்பிருந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது. இதனை முன்னேற்றம் என்று எண்ணுவோரும் உளர். பாடசாலையில் இல்லாததைக் கிராமத்தவனும் காசு கொடுத்து வாங்கப் பழகிவிட்டான் என்பதே அதன் பொருள்.

இனி எம் நண்பரின் விதிக்கு வருவோம். தன் வகுப்புப் பிள்ளைக்குத் தானே விற்பதில் என்ன தவறு? கடைக்காரன் தன் அயலானுக்கு அரிசி விற்பதில்லையா? இவ்வாறு வாதிடும் ஆசிரியர் பலரை நாம் அறிவோம். அவர்கள் தீயவர்களல்லர்.

வாடிக்கையாளன் என்பவன் யார்? வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போகக்கூடியவன். அரிசிக்கடையில் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். போனதற்காகக் கடைக்காரன் அவனைத் தண்டிக்க முடியாது. வகுப்பாசிரியரின் பிள்ளை அப்படியா? காலையில் அவர் முன் இருக்கிறாள். தவணைப் பரீட்சைத் தாளைத் திருத்துபவர் அவர். பேச்சுப்போட்டிக்கு அனுப்புபவரும், நற்சான்றில் இரண்டு வரி எழுதுபவரும் அவரே. அவர் நடத்தும் மாலை வகுப்புக்கு வரவில்லையென்றால் என்ன நேரும் என்று அவர் வாய்திறந்து கூறவேண்டியதில்லை. ஒன்றுமே நேராது இருக்கலாம். ஆனால் பிள்ளையின் தாய் இரவில் அதனை எண்ணிக்கொண்டு விழித்திருப்பாள். மறுக்க முடியாதவனிடம் விற்பது விற்பனையன்று, அது வரி. அரசனுக்கு இருந்த உரிமையை ஆசிரியன் எடுத்துக்கொள்கிறான்.

இன்னொன்றும் உண்டு, அது இதனினும் நுட்பமானது. பாடத்தின் அளவைத் தீர்மானிப்பவரும் ஆசிரியரே. நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு தேற்றத்தின் கூற்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, நிறுவலைப் பாதியில் நிறுத்தி, ‘மிகுதி மாலையில்’ என்று சொன்னால், காலைப்பொழுதின் குறையே மாலைப்பொழுதின் சரக்காகிவிடுகிறது. எல்லா ஆசிரியரும் இதனைத் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று கூறமாட்டோம். பெரும்பாலானோர் செய்வதில்லை. ஆனால் களைத்துப்போன ஒரு வெள்ளிக்கிழமையில், மறுநாள் எப்படியும் இப்பிள்ளைகள் வருவார்கள் என்ற எண்ணம் சாக்கட்டியை ஒரு கணம் தாமதிக்கச் செய்யுமா இல்லையா என்பதை, அத்தகைய வகுப்பு நடத்திய எவரும் தம் நெஞ்சறியச் சொல்லட்டும். தட்டுப்பாட்டை உண்டாக்கும் வல்லமையும் அத்தட்டுப்பாட்டில் இலாபம் பெறும் வாய்ப்பும் ஒரே கையில் இருத்தலாகாது. பதுக்கல் வியாபாரிக்கு எதிராக நாம் கூறும் நியாயம் எமக்கு எதிராகவும் நிற்கவே செய்யும்.

ஆகவே தடை நியாயமானது. இதில் எமக்கு ஐயமில்லை. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, பள்ளி ஆசிரியர் எவரும் தனிவகுப்பில் ஈடுபடலாகாது என்றே விதித்தது. அங்கும் ஆசிரியர் வீட்டு முற்றங்களிற் செருப்புகள் வரிசையாய்க் கிடப்பதை நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தென்கொரியாவில் 1980இல் இராணுவ ஆட்சி தனிவகுப்புகளை அடியோடு தடைசெய்தது. போட்டிப் பரீட்சை இருந்தபடியே இருந்தது. வகுப்பு மட்டும் மறைவிடத்துக்குப் போயிற்று. மறைவிடத்துப் பண்டத்துக்கு விலை கூடும் என்பது சொல்லாமலே விளங்கும். 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடையைச் செல்லாததாக்கியது. சீனா 2021இல், பாடசாலைப் பாடங்களை இலாபத்துக்குக் கற்பிக்கும் கம்பனிகளின் கையைக் கட்டியது. இந்திய மத்திய அரசு 2024 சனவரியில் வெளியிட்ட வழிகாட்டலோ, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பயிற்சி நிலையங்கள் சேர்க்கலாகாது என்றது. இராசத்தான் மாநிலத்துக் கோட்டா நகரில் விடுதி அறைகளில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவரின் செய்திகள் அவ்வழிகாட்டலின் பின்னால் இருந்தன. ‘இவ்வயதினனை நீ வாடிக்கையாளனாகக் கொள்ளாதே’ என்று கடைக்காரனுக்குச் சொல்லவேண்டிய நிலை ஏற்பட்டது. அதுவும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பின்னர்.

இந்தத் தடைகளையெல்லாம் ஒன்றாய்ப் பார்க்கும்போது ஒரு குறை தென்படுகிறது. இவை விற்பவனை நோக்கிப் பேசுகின்றன. வாங்கவந்தவனின் கையில் எதையும் வைப்பதில்லை. கொழும்பிலே ஓர் ஆசிரியருக்குத் தம் மாணவரைச் சேர்க்கக்கூடாதென்று விதித்தால், அம்மாணவர் அடுத்த தெருவில் இன்னோர் ஆசிரியரிடம் போவர். நாவுலவிலே தமிழ்மொழி மூலக் கணிதத்துக்கு அடுத்த தெரு எது? மாத்தளை. போக ஒரு பஸ், வர ஒரு பஸ், மாலையானால் துணைக்கு ஒருவர். கூலித்தொழிலாளியின் மகளுக்கு ஒரே ஆசிரியரே உண்டு. அவர் வாயிலும் அவளுக்கு மட்டும் அடைபட்டது. அவளைக் காக்கவென எழுந்த மதிலின் வெளிப்புறத்திலேயே அவள் நின்றாள். தகப்பனார் கேட்ட கேள்வியின் கூர்மை இதுதான்.

இதற்கிடையே வேறொரு நிகழ்ச்சி. எம் நண்பரின் சனிக்கிழமை அறைக்கு நல்ல பெயர் கிடைத்ததைக் கேள்வியுற்று, சிறுவர்க்குக் கணக்குப் பயிற்றும் நிறுவனமொன்றின் முகவர் அவரைச் சந்தித்தார். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். நாடெங்கும் அதற்குக் கிளைகள். பெயரும் பாடத்தாளும் பயிற்றுமுறையும் தலைமையகத்துக்குச் சொந்தம். அவற்றைப் பணங்கொடுத்துப் பெற்று உள்ளூரில் ஒருவர் நடத்துவார். ‘பிராஞ்சைஸ்’ என்பது இதற்கு வழங்கும் பெயர். 1950களில் சப்பானியப் பள்ளி ஆசிரியர் தோரு குமொன் தம் மகனுக்கென எழுதத் தொடங்கிய கணக்குத்தாள்கள், பிற்காலத்தில் இவ்வாறான கிளைகள் மூலமே உலகெங்கும் பரவின. தகப்பன் ஒருவன் மகனுக்கு எழுதிய தாள், உரிமப்பணம் கேட்கும் தாளாயிற்று. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை; இந்த உலகில் எல்லாத் தாளுக்கும் நேர்வது அது.

முகவர் விட்டுச்சென்ற ஒப்பந்தப் படிவத்தை நண்பர் எம்மிடம் காட்டினார். நாம் தமிழ் படித்தவர்கள், சட்டம் படித்தவர்களல்லோம். ஆயினும் பாயிரம் படித்த கண்ணுக்கு இதுவும் ஒரு பாயிரமாகவே தோன்றிற்று. யாருக்குக் கற்பிக்கலாம், யாருக்குக் கற்பிக்கலாகாது என்பது அதிலும் விரிவாக வகுக்கப்பட்டிருந்தது. இன்ன வயதுக்குக் குறைந்தவரையும் கூடியவரையும் சேர்க்கலாகாது. வேறொரு கிளையின் பிரதேசத்திலிருந்து பிள்ளை பிடிக்கலாகாது. தலைமையகம் வகுத்த கட்டணத்துக்குக் குறைத்து வாங்கலாகாது. சேர்ந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மாதந்தோறும் தலைக்கு இவ்வளவு என உரிமப்பணம் செலுத்தவேண்டும். ஆகவே வறிய பிள்ளையொன்றை இலவசமாகச் சேர்த்துக்கொண்டால் அதற்குரிய தலைப்பணத்தை ஆசிரியரே தம் சட்டைப்பையிலிருந்து கட்டவேண்டும். ஆசிரியர் தாமே எழுதிய குறிப்புகளைக் கொடுக்கலாகாது. ஒப்பந்தத்தை விட்டு விலகினாலும் இரண்டாண்டுக்கு அதே ஊரில் அதே விதமான பாடத்தைக் கற்பிக்கலாகாது.

இத்தனை ‘ஆகாது’களுக்கிடையே ஒன்றை மட்டும் தேடிப்பார்த்தோம். தன் அதிகாரத்தின் கீழுள்ள பிள்ளையிடம் கட்டணம் பெறலாகாது என்ற ஒரு வரி அதில் இல்லை. தலைமையகத்துக்கு அதில் அக்கறை இருக்கவும் நியாயமில்லை. கிளையைக் கிளையிடமிருந்து காக்கவேண்டும். பெயரைப் போலியிடமிருந்து காக்கவேண்டும். உரிமப்பணத்தை ஆசிரியரின் இரக்கத்திடமிருந்து காக்கவேண்டும். பிள்ளையை எவரிடமிருந்தும் காக்கும் தேவை அப்படிவத்துக்கு நேரவில்லை. வாடிக்கையாளனைத் தெரிவுசெய்யும் எல்லா எல்லைகளும் ஓரினத்தவையல்ல என்பதை எமக்கு முதன்முதலில் தெளிவாக்கியது, நேர்மையாகச் சொன்னால், எந்தச் சித்தாந்த நூலுமன்று, அந்தப் படிவமே. சில எல்லைகள் வலியவனின் கையைக் கட்டுகின்றன. சில எல்லைகள் மெலியவனின் காலைக் கட்டுகின்றன. இரண்டுக்கும் ‘ஒழுங்குவிதி’ என்றே பெயர்.

நாட்டின் சட்டங்களிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. உதவி பெற்ற பாடசாலைகள் பெரும்பாலானவற்றை அரசு கையேற்ற 1960-61ஆம் ஆண்டுக் காலத்தில், ஐந்து முதற் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கெனத் தனியார் புதிதாகப் பாடசாலை அமைப்பதைச் சட்டம் தடுத்தது. பிள்ளைப் பருவத்தைச் சந்தைக்கு விடக்கூடாதென்ற உயர்ந்த எண்ணம் அதில் இருந்தது. திறந்த பொருளாதாரம் வந்த பின்னரோ, சர்வதேசப் பாடசாலைகள் என்ற பெயரில் அதே வயதுப் பிள்ளைகளுக்கான கட்டணப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்று முளைத்தன. கல்விச் சட்டம் மூடிய வாயிலைக் கம்பனிச் சட்டம் திறந்துகொடுத்தது. தடுக்கப்பட்டவர் எவரோ அவர் வேறு வாயிலால் வந்துவிட்டார். வேறு வாயில் இல்லாதவர் நின்ற இடத்திலேயே நின்றார். தோட்டப்புறப் பாடசாலைகளை அரசு முறையாகக் கையேற்கத் தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில் என்பதை இதனோடு சேர்த்து நினைவுகூர வேண்டும். இலவசக் கல்வியின் வயது முப்பதைக் கடந்தபின், அதன் ஒளி லயத்து வாசலை எட்டியது.

ஆசிரியர் தரப்பு நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதி உண்மையாகிவிடும். 2021 சூலையில், இருபத்துநான்கு ஆண்டுச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இந்நாட்டு ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடினர். ஒக்டோபர் வரை போராட்டம் நீண்டது. மறு ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியோ, பெற்ற சிறு உயர்வையும் விலைவாசியின் வாயிற் போட்டது. பஸ் கட்டணத்துக்கும் பாற்மாவுக்கும் கணக்குப் பார்க்கும் ஓர் ஆசிரியரிடம் ‘உன் பிள்ளைகளுக்கு விற்காதே’ என்பது எளிது. ‘அப்படியானால் எதனால் வாழ்வது’ என்று அவர் திருப்பிக் கேட்டால், ‘ஆசிரியப்பணி தூய தொண்டு’ என்ற பழைய பாட்டைப் பாடலாகாது. தொண்டு என்ற சொல்லை ஆசிரியர் தம்மைப்பற்றிச் சொன்னால் அது அழகு. சம்பளம் கொடுப்பவர் ஆசிரியரைப்பற்றிச் சொன்னால் அது கணக்குமோசடி.

எனவே தடை விதிக்கும் அரசுக்கு, தடை விதித்த அன்றே இரண்டு கடன்கள் ஏற்படுகின்றன. மறுக்கப்பட்ட பிள்ளைக்கு மறுக்கப்பட்ட பாடத்தைக் கொடுப்பது ஒன்று. மறுத்த ஆசிரியருக்கு அவர் இழந்ததை ஈடுசெய்வது மற்றொன்று. பாடசாலை முடிந்தபின் அதே கட்டடத்தில், அதே ஆசிரியர், அரசு கொடுக்கும் மேலதிக ஊதியத்தில், பின்தங்கிய பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதற்கு மந்திரமோ மாயமோ தேவையில்லை. விற்பவனுக்கும் வாங்குபவனுக்குமிடையே பணம் கைமாறாதபோது அதிகாரத்தின் நச்சுப்பல் பிடுங்கப்படுகிறது. பாடத்தைப் பாதியில் நிறுத்துவதில் எவருக்கும் இலாபமில்லாமற் போகிறது. இவ்விரு கடன்களையும் செலுத்தாமல் தடையை மட்டும் விதிப்பது, மருந்துக்கடையைச் சோதனையிட்டுப் பூட்டிவிட்டு நோயாளியை வீட்டுக்குப் போகச் சொல்வதை ஒக்கும்.

அரசு அதனைச் செய்யும்வரை தனியொரு ஆசிரியன் என்ன செய்வான்? இங்கு நாம் எம் நண்பருக்கு அறிவுரை கூறும் தகுதியுடையோமல்லேம். அவர் எம்மைக் கேளாமலே ஒன்று செய்தார். ஒப்பந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பினார். சனிக்கிழமை வகுப்பைப் பிற பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தோடு தொடர்ந்தார். தம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதன், வியாழன் இரு நாளும் பாடசாலை விட்டபின், அதிபரின் அனுமதி பெற்று, ஒரு சதமும் வாங்காது கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சக ஆசிரியர் ஒருவர், “நீர் இப்படி இலவசமாகக் கொடுத்தால் நாங்கள் வாங்குவது களவு என்றாகாதா?” என்று நேரிலேயே கேட்டுவிட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள், வீட்டுக்கடன் வேறு. அவரை நாம் எதிரியாகக் கொள்ள மாட்டோம். பெற்றோரிற் சிலரோ, காசு வாங்காத வகுப்பில் என்ன இருக்கப்போகிறது என்று பிள்ளைகளை மாத்தளைக்கே தொடர்ந்து அனுப்பினர். விலை இல்லாத பொருளுக்கு மதிப்பும் இல்லையென்று சந்தை அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது. அந்தப் பாடத்தை மட்டும் இந்நாட்டில் எவரும் பாதியில் நிறுத்துவதில்லை. நண்பரின் மனைவிக்கும் இதுபற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதுகள் அவர் வீட்டுக் கணக்கிலிருந்து கழிந்திருக்கின்றன என்பதை அவர் எம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு முழுமையாக இல்லை.

கடந்த மாதம் ஒரு புதன்கிழமை அங்கே சென்றிருந்தோம். பதினான்கு பிள்ளைகள். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் முன்வரிசையில் இருந்தாள். வட்டத் தேற்றங்களில் ஒன்று கரும்பலகையில் ஏறிக்கொண்டிருந்தது. மையத்தில் எதிரமைக்கும் கோணம் பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்பதன் நிறுவல். ஆரை ஒன்றை வரைந்து, இருசமபக்க முக்கோணிகள் இரண்டைக் காட்டி, முதல் முக்கோணியின் புறக்கோணத்தை எழுதி முடித்தபோது வீதியில் பஸ்ஸின் ஒலி கேட்டது. அவள் ஊர்ப்பக்கம் போகும் பஸ் அதைவிட்டால் வெகுநேரத்துக்கு இல்லை. ஐந்தாறு பிள்ளைகள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு எழுந்தனர். நண்பர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். “மிகுதியை அழிக்காதீங்க சேர், நாளைக்கு வந்து பாத்துக்கிறோம்” என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.